அவுட்போர்ட் எஞ்சினுக்குப் புரொப்பெல்லர் எடுப்பது எப்படி: புதிதாகக் கடலில் இறங்குபவர்களுக்கு

படகு வாங்கப் போகும்போது எஞ்சினைப் பார்க்க நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போகிறோம். ஸ்டார்ட் பண்ணிச் சத்தம் கேட்கிறோம், பிளக்கைக் கழற்றிக் கரி பிடித்திருக்கிறதா என்று பார்க்கிறோம், விலையில் அரை மணி நேரம் நிற்கிறோம். அடியில் இருக்கும் புரொப்பெல்லரை மட்டும் யாரும் குனிந்து பார்ப்பதில்லை, இதழ் உடையாமல் இருந்தால் சரி என்று விட்டுவிடுகிறோம். ஆனால் எஞ்சின் எவ்வளவு எண்ணெய் குடிக்கும், வலை நனைந்து பாரமாகித் திரும்பும்போது படகு இழுக்குமா, பிஸ்டன் எத்தனை வருடம் தாங்கும் என்பதெல்லாம் அந்த மூன்று இதழில்தான் தொங்குகிறது.

2022 ஆகஸ்டில் இலங்கையில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாய்க்கு ஏறியதை எங்கள் கரையில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அதற்கு முன்னர் ஒரு பயணத்துக்கு இரண்டு லீற்றர் கூடக்குறையப் போனாலும் யாரும் கணக்குப் பார்த்ததில்லை. இப்போது அந்த இரண்டு லீற்றர்தான் வீட்டுக்குக் கொண்டுபோகும் காசு. முல்லைத்தீவுப் பக்கம் அளம்பில், செம்மலை, நாயாறு, கொக்கிளாய் என்றாலும் சரி, மேற்கே வலைப்பாடு, நாச்சிக்குடா, விடத்தல்தீவு என்றாலும் சரி, புதிதாகத் தொழிலுக்கு இறங்கும் பிள்ளைகள் இந்த ஒரு விஷயத்தைச் சரியாகச் செய்தால் நிறைய நட்டம் தப்பும்.

நான் முதலில் எடுத்தது 18 அடி பைபர் படகு. 15 குதிரைவலு இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின், பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற வகை. பக்கத்து வாடியில் இருந்தவரிடமும் அதே எஞ்சின்தான், அவருடைய படகு பறக்கும். என்ன புரொப்பெல்லர் போட்டிருக்கிறார் என்று பார்த்தேன், 11 பிட்ச். நானும் தேடிப்பிடித்து ஒரு பழைய 11 வாங்கிப் பூட்டினேன். அவர் களப்பில் நண்டு வலை விடுகிறவர், பெரும்பாலும் தனி ஆள். நான் மூன்று பேரோடு, வலையும் ஐஸ் பெட்டியும் ஏற்றிக்கொண்டு திறந்த கடலுக்குப் போகிறவன். இந்த வித்தியாசம் அப்போது எனக்குப் படவேயில்லை. கைப்பிடியை முழுதாகத் திருகினாலும் படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீரை உழுதுகொண்டு போகும், எஞ்சின் அடித்தொண்டையில் முனகும். ஆறு மாதத்தில் பிஸ்டன் வளையம் ஒட்டிப்போய், சிலிண்டரில் கீறல் விழுந்து, எஞ்சினைப் பிரிக்க வேண்டி வந்தது.

எஞ்சினைப் பிரித்த மெக்கானிக் அண்ணை கரி பிடித்த பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, நீ போட்டில என்ன பாரம் ஏத்துறாய் எண்டு முதல்ல சொல்லு." எஞ்சினைப் பற்றியோ எண்ணெயைப் பற்றியோ அவர் கேட்கவில்லை. பிறகு 9 பிட்ச் ஒன்றைக் கொண்டுவந்து பூட்டினார். பழையதில் முழுப் பாரத்தோடு 4150 சுற்றுக்கு மேல் ஏறாத எஞ்சின், புதியதில் அதே பாரத்தோடு 4600ஐத் தொட்டது. மற்றவருடைய படகைப் பார்த்துப் புரொப்பெல்லர் எடுக்காதீர்கள், உங்கள் பாரத்தோடு உங்கள் எஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பதைப் பார்த்து எடுங்கள். கீழே எழுதியிருப்பதெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பதுதான்.

முதலில் கையில் இருப்பதைப் படியுங்கள்

புரொப்பெல்லரின் நடுக்குழலிலோ இதழின் அடியிலோ இரண்டு எண்கள் அடித்திருக்கும். உப்பும் பெயின்ற்றும் மூடியிருந்தால் கம்பித் தூரிகையால் தேயுங்கள், தெரியும். 9¼ × 9 என்று இருந்தால் முதல் எண் விட்டம், இரண்டாவது பிட்ச், இரண்டும் அங்குலத்தில்.

விட்டம் என்பது இதழ் நுனிகள் சுற்றி வரும் வட்டத்தின் அகலம். பிட்ச் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. மரத்தில் ஸ்குரூ ஆணியை ஒரு முழுச் சுற்றுத் திருகினால் ஓர் அளவு உள்ளே இறங்கும் அல்லவா, அதுபோலத் தண்ணீர் கெட்டியான பொருளாக இருந்தால் புரொப்பெல்லர் ஒரு சுற்றில் எத்தனை அங்குலம் முன்னே போகுமோ அதுதான் பிட்ச். 9 பிட்ச் என்றால் ஒரு சுற்றுக்கு 9 அங்குலம். சைக்கிளில் கியர் மாற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். பிட்ச் குறைந்தால் மேட்டில் ஏறும் கியர், பலமாக இழுக்கும், ஓட்டம் குறைவு. பிட்ச் கூடினால் சமதரைக் கியர், வெறும் படகென்றால் ஓடும், பாரம் ஏற்றினால் மூச்சு முட்டும்.

யமஹா புரொப்பெல்லர் என்றால் எண்களுக்குப் பின்னால் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். அது எந்த எஞ்சின் குடும்பத்துக்குப் பொருந்தும் என்பதைச் சொல்கிறது, 9.9, 15 குதிரைவலுவுக்கு ஜே, 40க்கு ஜி. விட்டமும் பிட்சும் சரியாக இருந்து எழுத்து மாறினால் அச்சில் ஏறாது. பழைய சாமான் வாங்கும்போது எழுத்து தேய்ந்துபோயிருந்தால் உள்ளே இருக்கும் பற்களை எண்ணிப் பாருங்கள்: யமஹா 15இல் 8 பல், 40இல் 13 பல். உங்கள் எஞ்சின் அச்சிலுள்ள பற்களையும் ஒருதடவை எண்ணி எழுதி வைத்துக்கொண்டால் கடையில் நின்று முழிக்கத் தேவையில்லை.

எஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும்

ஒவ்வொரு எஞ்சினுக்கும் முழு வேகத்தில் இத்தனையிலிருந்து இத்தனை சுற்றுக்குள் ஓட வேண்டும் என்று கம்பனி ஓர் எல்லை வைத்திருக்கிறது. எஞ்சினோடு வரும் கைநூலில் இருக்கும். எங்கள் கரையில் ஓடுகிற இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்களில் பலவற்றுக்கு அது நிமிடத்துக்கு 4500 முதல் 5500 வரை. நாலு ஸ்ட்ரோக் என்றால் 5000 முதல் 6000 வரை என்பது வழக்கம். உங்கள் எஞ்சினுக்கு உரியதைப் பார்த்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

கைப்பிடியை முழுதாகத் திருகியும் கீழ் எல்லையைத் தொடவில்லை என்றால் பிட்ச் கூடிவிட்டது. பாரமான சாமானை ஏற்றி, நாலாம் கியரில் மேட்டில் ஏற்றுகிற லொறி மாதிரி எஞ்சின் திணறும். உள்ளே போன எண்ணெய் முழுதாக எரியாது, கரி கட்டும், பிஸ்டன் தலை சூடேறும், வளையம் ஒட்டும். மண்ணெண்ணெயில் ஓட்டுகிறவர்களுக்கு இது இரண்டு மடங்கு ஆபத்து. மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல அழுத்தத்தைத் தாங்காது, சீக்கிரம் தட்டத் தொடங்கும், அதனால்தான் மண்ணெண்ணெய் எஞ்சின்களில் அழுத்தத்தைக் குறைத்துச் செய்கிறார்கள், அதோடு பலமும் கொஞ்சம் குறைந்துவிடுகிறது. ஆகவே பெற்றோலில் ஓடும் 15க்குச் சரியாக இருக்கிற புரொப்பெல்லர் மண்ணெண்ணெயில் ஓடும் 15க்குப் பாரமாக இருக்கலாம். பெற்றோலில் ஓட்டிச் சோதித்துவிட்டு மண்ணெண்ணெயில் தொழிலுக்குப் போகாதீர்கள். எதில் தொழில் செய்வீர்களோ அதில் சோதியுங்கள்.

மறுபக்கம், மேல் எல்லையையும் தாண்டிச் சுற்றினால் பிட்ச் போதாது. சத்தம் கேட்க உற்சாகமாக இருக்கும், ஆனால் எஞ்சின் வீணாகத் தேய்கிறது, வேகமும் கிடைக்காது.

இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு கணக்கு உண்டு, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தால் முழு வேகச் சுற்று ஏறத்தாழ 150 முதல் 200 வரை ஏறும், ஓர் அங்குலம் கூடினால் அதே அளவு இறங்கும். என் எஞ்சின் இரண்டு அங்குலத்துக்கு 450 ஏறியது, கணக்கைவிடக் கொஞ்சம் கூட, பழைய 11இல் ஓர் இதழ் கொஞ்சம் வளைந்தும் இருந்தது. அதனால் ஏறத்தாழ என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனை ஓட்டம்

இதைத்தான் யாரும் செய்வதில்லை. ஒரு காலைப் பொழுது போதும்.

சுற்றை அளக்க ஒரு மீற்றர் வேண்டும். பிளக் வயரில் ஒரு கம்பியைச் சுற்றி வைத்தால் எண் காட்டுகிற சின்ன டிஜிட்டல் மீற்றர்கள் இருக்கின்றன, உங்கள் எஞ்சினுக்கு ஏற்றபடி அதை மெக்கானிக்கிடம் கொடுத்துச் சரிசெய்து வாங்குங்கள், பிழையான அமைப்பில் வைத்தால் இரட்டிப்பாகவோ பாதியாகவோ காட்டும். எல்லோரும் வாங்கத் தேவையில்லை, சங்கத்தில் ஒன்று இருந்தால் கரை முழுக்கப் பயன்படும். வேகத்துக்கு ஜிபிஎஸ் இருந்தால் நல்லது, போனில் இருப்பதும் போதும்.

புது எஞ்சின் என்றால் பொறுங்கள். முதல் 10 மணித்தியாலம் எஞ்சினைப் பழக்க வேண்டிய காலம், அதற்குள் முழு வேகச் சோதனை வேண்டாம்.

முதல் நாள் படகைக் கவிழ்த்து அடியைச் சுரண்டுங்கள். சிப்பியும் பாசியும் பிடித்த படகில் எடுக்கிற எந்த அளவும் பிழையாகத்தான் வரும், பிட்ச் கூடிவிட்டது என்று நினைத்துப் புதுப் புரொப்பெல்லர் வாங்கி, பிறகு அடியைத் துப்புரவாக்கியதும் அது போதாமல் போகும். காற்று எழும்புவதற்கு முந்திய விடியற்காலையில், வழக்கமாகக் கொண்டுபோகும் எல்லாவற்றையும் ஏற்றுங்கள். வலையை நனைத்து ஏற்றுங்கள், காய்ந்த வலைக்கும் நனைந்த வலைக்கும் நிறை வேறு. ஐஸ் போடுங்கள், எண்ணெய்க் கானை நிரப்புங்கள், 25 லீற்றர் மண்ணெண்ணெய் மட்டுமே 20 கிலோ வரும். வழக்கமாக வரும் ஆட்கள் வரட்டும், ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கியோடு.

கரையை விட்டு விலகி, வலை மிதக்காத, ஆழமான இடத்துக்குப் போய் முழு வேகத்தில் ஒரு நிமிடம் நேராக ஓட்டுங்கள். சுற்று எவ்வளவு, வேகம் எவ்வளவு, நின்ற நிலையிலிருந்து படகு மூக்கை இறக்கி நீர்மட்டத்துக்கு மேல் ஏற எத்தனை விநாடி என்று ஒருவர் கொப்பியில் எழுதட்டும், ஓட்டுகிறவர் கடலைத்தான் பார்க்க வேண்டும். அப்புறம் திரும்பி அதே பாதையில் எதிர்ப்பக்கமாக ஒருதடவை. காற்றும் நீரோட்டமும் ஒரு பக்கம் தள்ளும், மறுபக்கம் தடுக்கும், இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் உண்மையான வேகம் வரும். பிறகு வலையையும் ஐஸையும் இறக்கிவிட்டு வெறும் படகோடு இன்னொரு தடவை.

இப்போது உங்களிடம் இரண்டு சுற்று எண்கள் இருக்கின்றன, ஒன்று பாரத்தோடு, ஒன்று வெறும் படகோடு. பாரத்தோடு ஓடும்போது கீழ் எல்லைக்கு மேலே, வெறும் படகில் மேல் எல்லைக்குக் கீழே இருந்தால் உங்கள் புரொப்பெல்லர் சரி, பணத்தை வேறு வேலைக்கு வையுங்கள். பாரத்தோடு 4200 என்று காட்டினால் குறைந்தபட்சம் இரண்டு அங்குலம் குறைந்த பிட்சைத் தேடுங்கள், வழக்கமான பாரத்தில் எல்லையின் விளிம்பில் நிற்காமல் நடுப்பகுதியை நோக்கி ஏறுவது நல்லது. ஒரே புரொப்பெல்லரில் இரண்டும் ஒத்துவரவில்லை என்றால், அதாவது பாரத்துக்குச் சரியானது வெறும் படகில் கத்துகிறது என்றால், பாரத்துக்குச் சரியானதையே வையுங்கள். வெறும் படகில் கைப்பிடியைக் கொஞ்சம் விட்டு ஓட்டிக்கொள்ளலாம். பாரத்தோடு திணறும் எஞ்சினுக்கு அப்படி எந்த வழியும் கிடையாது.

வேகத்தை வைத்தும் ஒரு கணக்குப் பார்க்கலாம். 40 குதிரைவலு எஞ்சினில் கியர் விகிதம் 2 என்று வையுங்கள், எஞ்சின் இரண்டு சுற்றினால் புரொப்பெல்லர் ஒன்று சுற்றும். எஞ்சின் 5000 என்றால் புரொப்பெல்லர் 2500. பிட்ச் 12 அங்குலம், அதாவது ஓர் அடி, ஆகவே நிமிடத்துக்கு 2500 அடி, மணிக்குக் கணக்கிட்டால் 24.7 கடல் மைல். இது தண்ணீர் கெட்டியாக இருந்தால். ஜிபிஎஸ் 18 காட்டுகிறது என்றால் மீதி வழுக்கலில் போய்விட்டது, நூற்றுக்கு 27. பாரம் ஏற்றும் தொழில் படகுக்கு 20 முதல் 30 வரை வழுக்குவது இயல்புதான். 40, 45 என்று வந்தால் புரொப்பெல்லரைக் குறை சொல்ல முன்னர் வேறு இடங்களைப் பாருங்கள்: எஞ்சின் உயரம், வளைந்த இதழ், உள்ளே வழுக்கும் இறப்பர். இந்த மூன்றையும் கீழே சொல்கிறேன்.

எந்தக் கரை, எந்தத் தொழில்

முல்லைத்தீவுக் கடல் திறந்த கடல், கரையிலேயே அலை உடைகிறது. படகைத் தள்ளி, எஞ்சினை இறக்கி, ஸ்டார்ட் பண்ணி, அடுத்த அலை வந்து பக்கவாட்டில் திருப்பிப் போடுவதற்கு முன்னர் வெளியே போய்விட வேண்டும். அந்த சில விநாடிகளில் கடைசி வேகம் என்ன என்பது ஒன்றுக்கும் உதவாது, உடனே பிடித்து இழுக்கிறதா என்பதுதான் உயிர். பிட்ச் குறைந்தது இங்கே நல்லது. வாடைக்காற்றுக் காலத்தில், அந்தக் கடலில் போகிறவர்களுக்கு நாலு இதழ் புரொப்பெல்லரையும் யோசிக்கச் சொல்வேன். அலைமுகட்டில் பின்பக்கம் தூக்கும்போது மூன்று இதழ் காற்றைப் பிடித்துக் கத்தும் இடத்தில் நாலு இதழ் தண்ணீரை விடாமல் பிடிக்கும். கடைசி வேகம் கொஞ்சம் குறையும், சுற்றும் இறங்கும், அதனால் மூன்றிலிருந்து நாலுக்கு மாறுகிறவர்கள் பிட்சில் ஓர் அங்குலம் குறைத்து வாங்குங்கள்.

கொக்கிளாய், நாயாறு, நந்திக்கடல் போன்ற களப்புகள் வேறு கதை. ஆழமில்லை, அடி மணலும் சேறும். இங்கே சின்ன எஞ்சின், மூன்று இதழ், அலுமினியம். எந்தப் பகுதியில் எஞ்சின் ஓட்டலாம், எங்கே கூடாது என்பதை முதலில் அந்தந்த இடத்துச் சங்கத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மேற்குப் பக்கம், நாச்சிக்குடாவிலிருந்து இரணைதீவுக்கு ஆளும் சாமானும் ஏற்றிப் போகும் படகுகளுக்கும் விடத்தல்தீவுப் பக்கம் நண்டுக்குப் போகிறவர்களுக்கும் சாதாளை என்கிற கடற்புல்தான் பெரிய தொல்லை. புரொப்பெல்லரில் சாதாளை சுற்றிக்கொண்டால் எஞ்சின் திடீரென்று கத்தும் அல்லது திணறும், பிட்ச் பிழை என்று நினைத்துவிடாதீர்கள், எஞ்சினை நிறுத்தித் தூக்கிப் பாருங்கள். தூர ஓட்டம், அமைதியான கடல், ஒரே அளவான பாரம் என்றால் எல்லைக்குள் நிற்கும் வரையில் ஓர் அங்குலம் கூடின பிட்ச் எண்ணெயை மிச்சம் பிடிக்கும். பக்கத்தூரில் கூடின பிட்ச் நன்றாக ஓடுகிறது என்று கேள்விப்படுவதெல்லாம் பெரும்பாலும் இந்த மாதிரிக் கடலில்தான்.

அலுமினியமா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா

எங்கள் தொழிலுக்கு அலுமினியம். இதில் எனக்குச் சந்தேகமில்லை. ஸ்டீல் இதழ் மெல்லியது, வளையாது, கொஞ்சம் வேகமும் தரும், உண்மைதான். ஆனால் கல்லிலோ மணல் திட்டிலோ அடிபட்டால் அலுமினிய இதழ் வளைந்து அடியைத் தான் வாங்கிக்கொள்கிறது, ஸ்டீல் வளையாமல் அந்த அடியை அச்சுக்கும் கியருக்கும் அனுப்புகிறது. விலையும் பல மடங்கு. கல்லில்லாத ஆழ்கடலில் பெரிய எஞ்சின் ஓட்டுகிறவர்கள் வேண்டுமானால் பார்க்கலாம்.

இதழின் பின்விளிம்பு உதடு மாதிரிக் கொஞ்சம் மடிந்திருக்கும் சில புரொப்பெல்லர்களைக் காண்பீர்கள். அந்த மடிப்பு தண்ணீரைப் பிடித்துவைக்கும், ஆனால் ஓர் அங்குலம் பிட்ச் கூடினது போலச் சுற்றைக் குறைக்கும். எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் இங்கே ஏமாறுவோம்.

சுற்று ஏறவில்லை என்று இதழ் நுனியை அரத்தால் தேய்த்துக் குறைக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். மூன்று இதழும் ஒரே நிறையில் இல்லாவிட்டால் அச்சு அதிரும், அதிர்வு ஒயில் சீலையும் பெயாரிங்கையும் தின்னும். பாரப் படகுக்கு விட்டம் வேண்டும், குறைக்க வேண்டியது பிட்சை.

பழையதை வாங்கும்போது

எங்கள் பக்கம் பாதிப் பேர் பழையதுதான் வாங்குகிறோம், அதில் பிழையில்லை. பார்க்க வேண்டியதைப் பார்த்து வாங்குங்கள்.

எஞ்சினில் பூட்டி, கியரை நியூட்ரலில் வைத்து, எஞ்சினை நிறுத்தும் கயிற்றையும் பிளக் வயரையும் கழற்றிவிட்டு, ஒரு பென்சிலைப் புரொப்பெல்லருக்கு மேலே கிடையாக இருக்கும் தகட்டில் சாய்த்து அதன் நுனி ஓர் இதழின் விளிம்பைத் தொடுகிற மாதிரிப் பிடியுங்கள். பென்சிலை அசைக்காமல் புரொப்பெல்லரைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். மூன்று இதழும் பென்சில் நுனியை ஒரே இடத்தில் தொட வேண்டும். ஒன்று தொட்டு, ஒன்று விலகி, இன்னொன்று முட்டுகிறது என்றால் இதழ் வளைந்திருக்கிறது, அதில் அடித்திருக்கும் பிட்ச் எண்ணை நம்பமுடியாது. ஒட்டுப் போட்ட இதழ்களையும் இப்படியே பாருங்கள்.

நடுவில் இருக்கும் இறப்பரைக் கண்ணால் பார்த்துச் சொல்லமுடியாது. அடிபட்டால் கியர் உடையாமல் வழுக்கிக் கொடுப்பதற்காக வைத்த இறப்பர் அது, பழசானால் அடிபடாமலே வழுக்கும். எஞ்சின் சுற்றும், படகு நகராது, மெல்லக் கொடுத்தால் போகும், முழுதாகக் கொடுத்தால் கத்தும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: உள் இரும்புக் குழலிலிருந்து வெளிக் குழல் வரைக்கும் ஆணியால் நேராக ஒரு கோடு கீறுங்கள். பூட்டி, பாரத்தோடு முழு வேகத்தில் ஓட்டிவிட்டு வந்து கழற்றிப் பாருங்கள். கோடு நேராக இருந்தால் நல்லது. உள்ளே ஒரு துண்டும் வெளியே ஒரு துண்டுமாக விலகியிருந்தால் இறப்பர் போய்விட்டது. விற்கிறவரிடம் இதைச் சொல்லி, ஒருநாள் ஓட்டிப் பார்த்துவிட்டுக் காசு தருகிறேன் என்று கேளுங்கள், நேர்மையானவர் சம்மதிப்பார். மிகச் சின்ன எஞ்சின்கள் சிலவற்றில் இறப்பருக்குப் பதில் அடிபட்டால் உடைகிற ஓர் ஊசி இருக்கும், அதற்குப் பதிலாக இரும்பு ஆணியைப் போட்டு ஓட்டாதீர்கள், ஆணி மிஞ்சும், கியர் போகும்.

எஞ்சின் உயரம்

புரொப்பெல்லருக்கு மேலே கிடையாக ஒரு தகடு இருக்கிறது அல்லவா, அது படகின் அடிமட்டத்தோடு நேராகவோ, அதிலிருந்து ஓர் அங்குலம் வரை கீழாகவோ இருக்க வேண்டும். அதைவிட மேலே இருந்தால் திரும்பும்போதும் அலையிலும் மேலிருந்து காற்றை உறிஞ்சிக்கொண்டு கத்தும், எந்தப் புரொப்பெல்லர் மாற்றினாலும் நிற்காது. அதிகம் கீழே இருந்தால் தண்ணீரை வீணாக இழுத்துக்கொண்டு போகும். எஞ்சின் பூட்டும் பின்பலகை 15 அங்குலம் உயரம் என்றால் குட்டை அச்சு, 20 அங்குலம் என்றால் நீள அச்சு. குட்டை எஞ்சினை உயரமான பலகையில் பூட்டிவிட்டுப் புரொப்பெல்லரைத் திட்டுகிறவர்களை நிறையக் கண்டிருக்கிறேன். ஒரு நேரான தடியைப் படகின் அடியில் வைத்துப் பின்னால் நீட்டிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பூட்டும்போது

பிளக் வயரைக் கழற்றுங்கள். நியூட்ரலில் வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், விரல் போன பிறகு யோசித்துப் பயனில்லை. ஒரு மரக்கட்டையை இதழுக்கும் தகட்டுக்கும் நடுவில் இறுக்கி வைத்துவிட்டு, நட்டு கழலாமல் குத்தியிருக்கும் இரண்டு கால் பின்னை நேராக்கி இழுத்து, நட்டைத் திறவுங்கள். வாஷரும் துணைக் குழலும் எந்த வரிசையில், எந்தப் பக்கம் பார்த்து வருகின்றன என்று போனில் ஒரு படம் எடுத்துவிட்டுக் கழற்றுங்கள்.

புரொப்பெல்லர் கழன்றதும் அச்சின் அடியைப் பாருங்கள். தங்கூசி நூல் சுற்றியிருக்கும், எங்கள் கடலில் அது இல்லாமல் இருப்பது அபூர்வம். வலையிலிருந்து அறுந்த நூல் உள்ளே போய் ஒயில் சீலை அறுத்துவிடும், தண்ணீர் கியர் பெட்டிக்குள் போகும், கியர் ஒயில் பால் மாதிரி வெளுத்துவிடும். ஒவ்வொரு மாதமும் ஒருதடவை கழற்றி நூலை எடுத்துவிடுங்கள், கத்தியால் கீறாமல் பொறுமையாகச் சுற்றிச் சுற்றி எடுங்கள். பிறகு பற்கள் முழுக்க உப்புத் தண்ணீருக்கு நிற்கும் கிரீஸ் பூசிப் பூட்டுங்கள். கிரீஸ் இல்லாமல் ஆறு மாதம் விட்டால் புரொப்பெல்லர் அச்சோடு ஒட்டிக்கொள்ளும், அடித்துக் கழற்றும்போது ஏதாவது ஒன்று உடையும்.

நட்டை இறுக்கி, பின்னுக்கான ஓட்டை நேர்வரும் வரைக்கும் திருகி, புதுப் பின் போட்டு இரண்டு காலையும் மடியுங்கள். பழைய பின்னை நிமிர்த்திப் போடாதீர்கள், இரண்டு தடவை மடித்த கம்பி மூன்றாம் தடவை உடையும், நட்டு கழன்று புரொப்பெல்லர் கடலுக்குள் போகும். கழற்றிய பழைய புரொப்பெல்லர் ஓடக்கூடியதாக இருந்தால் விற்காமல், ஒரு நட்டு, இரண்டு புதுப் பின், நட்டைத் திருகும் சாவி, ஒரு குறடு எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பையில் கட்டிப் படகின் முன்பக்கம், அணியத்தில் போட்டுவையுங்கள். முதல் பயணம் போய் வந்ததும் எஞ்சினைத் தூக்கி, நட்டையும் பின்னையும் இன்னொருதடவை பாருங்கள், அன்று எழுதிய சுற்றையும் வேகத்தையும் கொப்பியில் திகதியோடு குறித்துக்கொள்ளுங்கள்.